பக்கத்தைக் கீழிருந்து படித்தவர்

எந்த வெப்சைட்டைத் திறந்து கொடுத்தாலும் அக்கா முதலில் அதன் அடிக்குப் போய்விடுவார். மேலே பெரிய எழுத்தில் என்ன போட்டிருக்கிறது, யார் சிரிக்கிறார்கள், எது மின்னுகிறது, இதையெல்லாம் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். மவுஸை உருட்டிக் கீழே போய்ப் பொடி எழுத்தில் இருக்கும் விலாசத்தையும் போன் நம்பரையும் தேடுவார். இருந்தால் நோட்டில் குறித்துக்கொள்வார். இல்லாவிட்டால் திரையைப் பார்த்தபடியே, "எவரு செப்பினாரு?" என்பார். யார் சொன்னது என்று தெலுங்கில் கேட்கிறார். சந்தேகம் வந்துவிட்டால் அவருக்குத் தெலுங்குதான் வரும், சமாதானமாகிவிட்டால் தமிழுக்கு இறங்கிவிடுவார். ஆந்திர எல்லையோரம் எங்கள் நகரியில் நாங்கள் எல்லோருமே இரண்டு பாஷைக்கும் நடுவில் போய் வந்துகொண்டிருப்பவர்கள்தான். ஆனால் இப்படிப் பங்கு பிரித்து வைத்திருந்தவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருடைய நெட் சென்டரும் என் ஜெராக்ஸ் கடையும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு, அவ்வளவுதான். அவர் தும்மினால் என் கடையில் பேப்பர் பறக்கும். அவர் என்னைவிட நாலைந்து வயது பெரியவர். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்குமே அவர் அக்கா. முதுகுக்குப் பின்னால் 'எவரு செப்பினாரு அக்கா' என்றார்கள். அது அவருக்கும் தெரியும்.

முதலில் அது எஸ்.டி.டி. பூத். போலியோவில் ஒரு கால் போனவர் என்பதால் அந்த ஒதுக்கீட்டில் அவருக்குக் கிடைத்தது. பத்து வருஷம் கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து ஊராரின் பேச்சையெல்லாம் கேட்டார். ஒட்டுக்கேட்டார் என்று சொல்லமுடியாது. குவைத்துக்கும் மஸ்கட்டுக்கும் யார்தான் மெதுவாகப் பேசினார்கள்? அங்கே கேட்கவேண்டுமே என்று இங்கே கத்துவார்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு அவருடைய நம்பர்தான் பி.பி. நம்பர். வெளிநாட்டிலிருந்து போன் வந்தால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்.

"போன்ல உண்மை பேசனவங்களை நான் விரல் விட்டு எண்ணிடுவேன்பா" என்று ஒருமுறை சொன்னார். "இந்தப் பக்கம் மாமியாருக்கு ஆஸ்பத்திரில குளுக்கோஸ் ஏறிக்கினு கீது. போன்ல எல்லாரும் சௌக்கியம். அந்தப் பக்கம் அவன் இன்னா கதியில கீறானோ, அவனும் சௌக்கியம். ரெண்டு சௌக்கியத்துக்கும் நடுவுல நான் உக்காந்துக்கினு மீட்டர் பாத்துக்கினு இருந்தேன்."

ஆனால் அங்கே பேசப்பட்ட ஒரு வார்த்தையும் அவர் வாயிலிருந்து வெளியே வந்ததில்லை. சண்டை போட்ட கணவன் மனைவி இருவரும் தனித்தனியே வந்து, "அவரு இன்னா சொன்னாரு?" "அவ இன்னா சொன்னா?" என்று கேட்டுத் தோற்றுப் போயிருக்கிறார்கள்.

யார் சொன்னது என்று கேட்கிற வழக்கம் அதற்கும் முன்னாலிருந்தே இருந்தது. சின்ன வயதில் கால் சூம்பத் தொடங்கியதும் யாரோ சொன்னார்கள் என்று அவரைப் புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் ஊர். எங்கள் பக்கத்தில் கைகால் சம்பந்தமாக எது வந்தாலும் புத்தூர்தான், வேறு யோசனையே வராது. அங்கே கட்டுப் போடுகிற பெரியவர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எலும்பு இல்லம்மா, எனக்குத் தெரியாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கப்புறமும் வேறு யாரோ சொன்னார்கள், வேறு எங்கோ போனார்கள், எண்ணெய் தேய்த்தார்கள், நாள் போய்விட்டது. "தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னவரு அவரு ஒருத்தருதான்" என்று அக்கா பலமுறை சொல்லியிருக்கிறார். ஒருவரை அவர் மெச்சிப் பேசியதென்றால் அந்தக் கட்டுப் போடுகிறவரைத்தான்.

செல்போன் வர ஆரம்பித்ததும் பூத் படுத்துவிட்டது. கண்ணாடிக் கூண்டை ஓரமாகத் தள்ளிவிட்டு மூன்று கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தாங்களாகத் தட்டத் தெரியாது. ஆகவே தேடுவதும் படித்துச் சொல்வதும் அவர் வேலையாயிற்று. அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். தேடிக் கொடுத்துவிட்டு, கிடைத்ததை நம்பாதே என்றும் சொல்லுவார். கடைக்காரரே சரக்கைக் குறை சொன்னால் யார் வருவார்கள்?

ஒரு குடும்பம் மொட்டை போடத் திருப்பதிக்குக் கிளம்பியது. மெட்ராசிலிருந்து வரும் சம்பந்தி வீட்டாரைத் தங்கவைக்க நல்ல லாட்ஜாகப் பார்த்துத் தரச் சொன்னார்கள். அவர் திறந்த வெப்சைட் பக்கத்தில் ஒரு படம். பால்கனியில் நாற்காலி போட்டு ஒரு ஜோடி காபி குடிக்கிறது. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அக்கா படத்தைப் பெரிதாக்கி, பால்கனிக்கு வெளியே விரலை வைத்தார்.

"இது இன்னா?"

"தண்ணி."

"எந்தத் தண்ணி? திருப்பதில எங்கப்பா சமுத்திரம் கீது?"

அந்த வீட்டுப் பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கல்யாணி டேமா இருக்கும்மா" என்றார். நம்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? அக்கா சிரிக்கவில்லை. அந்த லாட்ஜ் போட்டிருந்த நம்பருக்கு அடித்து, திருப்பதிக்குள் நுழையும் ரேணிகுண்டா ரோட்டில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கேட்டார். எதிர்முனைக்காரனுக்கு ரேணிகுண்டா என்ற பெயரே தெரியவில்லை. போனை வைத்துவிட்டு, "போங்க, போயி ஸ்டேஷன் எதிர்ல கண்ணால பாத்து ரூம் எடுங்க" என்றார். அவர்கள் நன்றி சொல்லவில்லை. ஆசை கெட்டுப் போனதில் அவர்களுக்கு வருத்தம்தான்.

இன்னொரு நாள் இன்டர் ரிசல்ட், தமிழ்நாட்டில் பிளஸ் டூ மாதிரி. காலையிலிருந்து கடையில் கூட்டம் முண்டியது. ஒரு பெண்ணின் ஹால் டிக்கெட் நம்பரைத் தட்டியதும் பெயில் என்று வந்தது. அவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அக்கா அடிக்குப் போய்ப் பார்த்தார். "ஏய், அழாத. இது போர்டு பக்கம் இல்ல. எவனோ விளம்பரத்துக்கு எடுத்துப் போட்டுக்கினு கீறான். போர்டுது இன்னும் தொறக்கவே இல்ல" என்றார். அவளை வீட்டுக்கு அனுப்பவும் இல்லை. தனியாக அனுப்பப் பயந்தார் என்று எனக்குப் பட்டது. தன் டிபன் டப்பாவைத் திறந்து, "துன்னு" என்று முன்னால் வைத்தார். சாயங்காலம் வரை பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். மறுநாள் அவள் அப்பா ஸ்வீட் டப்பாவோடு வந்தார், பெண் பாஸ். அக்கா ஸ்வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "காலேஜ் லிஸ்டைக் கண்ணால பாத்தியா, யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டார். மனுஷர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவரோடு பழகுவது அலுப்பான காரியம்தான். நல்ல சேதி கொண்டுபோனாலும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன மாதிரி கேள்வி கேட்பார். ஒருநாள் மழை வரப் போகிறது என்று சொன்னதற்கு, "எவரு செப்பினாரு?" என்றார். "வானத்தைப் பாருக்கா" என்றேன். நிஜமாகவே வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். அவருக்கே அது பாரமாகத்தான் இருந்திருக்க வேண்டும். "எதையும் நம்பாம இருக்கிறதுக்கும் ஒடம்புல தெம்பு வேணும்பா. நம்பிட்டா படுத்துத் தூங்கலாம்" என்று ஒருநாள் கம்ப்யூட்டர்களை அணைத்துக்கொண்டே சொன்னார்.

இப்போது என் தம்பி கதைக்கு வரவேண்டும்.

எங்கள் வீட்டில் நாலு பவர்லூம் ஓடியது. மில் துணியும் வெளிச்சரக்கும் வந்து குவிந்த பிறகு அது இரண்டானது. கரெண்டு இருக்கும்போது நூல் இருக்காது, நூல் வரும்போது கரெண்டு போய்விடும். நான் முன்னாலேயே தறியை விட்டு ஜெராக்ஸ் கடைக்கு வந்துவிட்டேன். தம்பி விடவில்லை. கல்யாணமாகி ஒரு குழந்தையும் ஆனபின் அவனும் அலுத்துப்போய், வெளிநாடு போகிறேன் என்றான். எங்கள் தெரு மூலைவீட்டுக்காரன் ஒருவன் அவனுக்குக் கூட்டாளி. இருவரும் சேர்ந்து நெட்டில் ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்து, பிரிண்ட் எடுத்து வந்தார்கள். குவைத்தில் துணி கம்பெனியில் மேற்பார்வை வேலை, சாப்பாடும் தங்குமிடமும் அவர்களே. பக்கத்தின் தலைப்பிலேயே ஏழுமலையான் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிகிறது.

அம்மா அந்தப் பிரிண்ட்டை வாங்கி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். கல்யாணப் பத்திரிகைக்குச் செய்வது அதற்கும் நடந்தது. "அவரு படத்தைப் போட்டுக்கினு எவனாச்சும் பொய் சொல்லுவானா? கண்ணு அவிஞ்சிபோவாதா?" என்றார். எங்கள் பக்கத்தில் மலையைக் காட்டிச் சத்தியம் செய்துவிட்டால் பிறகு பேச்சுக் கிடையாது. அதை எவனோ தெரிந்து வைத்திருந்தான்.

தம்பி அந்த மஞ்சள் தடவிய தாளோடு அக்காவிடம் வந்தான். அக்கா கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து அடிக்குப் போனார். மெட்ராஸ் விலாசம். ஆனால் கீழே போட்டிருந்த போன் நம்பரின் எஸ்.டி.டி. கோடு மெட்ராசுடையது இல்லை. பூத் வைத்திருந்தவருக்கு ஊர் ஊராகக் கோடு மனப்பாடம். அந்த நம்பருக்கு அடித்தார். ஒருவன் எடுத்து, கம்பெனி பெயரைக் கேட்டதும் தெரியாதென்று வைத்துவிட்டான். மறுபடி அடித்தபோது எடுக்கவில்லை.

"வேணாம்பா" என்றார்.

"சாமி படம் போட்டுக்கினு கீறாங்க அக்கா."

"பஸ் ஸ்டாண்டுல பாக்கெட் அடிக்கிறவன்கூட நாமம் போட்டுக்கினுதான் வரான்."

தம்பி முகம் சுண்டிப்போயிற்று. நானும் அக்கா பக்கம் பேசினேன். தம்பி நின்றுவிட்டான். மூலைவீட்டுக்காரன் நிற்கவில்லை. தறியை விற்றுவிட்டுப் போனான்.

மூன்று மாதத்தில் அவன் வீட்டுக்கு ஒரு போட்டோ வந்தது. கூலிங் கிளாஸ், பின்னால் வெள்ளைக் கார், கண்ணாடிக் கட்டடம். அது தெரு முழுக்கச் சுற்றியது. நானே அதை ஏழெட்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினார். தம்பி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க அக்கா எப்படிக் கீறாங்க?" என்று கேட்டுவிட்டுப் போவான். ஊரில் அக்காவின் வாய் நல்ல வாய் இல்லை என்று பேச்சு வந்தது. எதிர்வரிசையில் ஏ.சி. போட்ட நெட் சென்டர் ஒன்று திறந்தார்கள், கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். கூட்டம் அங்கே போயிற்று. அக்காவின் மூன்று கம்ப்யூட்டரில் இரண்டு துணி மூடியே கிடந்தன.

தம்பி எதிர்க்கடையில் அப்ளிகேஷன் போட்டான். அதே பக்கம், அதே கம்பெனி. கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் நான் அக்காவிடம் சொன்னேன். குரலில் கொஞ்சம் குத்தல் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன்.

"அதே கம்பெனியா?"

"அதேதான். போட்டோ பாத்தீங்க இல்ல."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். பிறகு கையிலிருந்த பேனாவை மூடித் திறந்து மூடினார். "பத்திரமா போவச் சொல்லு" என்றார். தன் கணிப்பு தப்பிவிட்ட வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்போது அதை நினைத்தால் என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

தம்பி போய் ஏழு வாரம் இருக்கும். ஒரு மத்தியானம் கரெண்டு இல்லை. தெருவில் ஒரு தறியும் ஓடாமல் சத்தமற்றுக் கிடந்தது. கடையில் மெஷின் ஓடாததால் நான் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தேன். வாசலில் அக்கா நின்றிருந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்தக் காலோடு வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். ஆட்டோவுக்குக்கூட நிற்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. ஒரு நாளும் எங்கள் வீட்டுக்கு வந்தவரில்லை.

"உன் தம்பி போன் பண்ணான்" என்றார். "துணி கம்பெனியும் இல்ல, ஒன்னும் இல்ல. சிமெண்ட் மூட்டை தூக்கறானாம். பாஸ்போர்ட்டைப் புடுங்கிக்கினாங்களாம். தோள் எறங்கிப் போச்சிங்கிறான். அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னான். உனக்கும் சொல்ல வேணான்னான்."

எனக்கு முதலில் புரியவே இல்லை. "மூலைவீட்டுக்காரன் நல்லாத்தானே கீறான்?" என்றேன்.

"அவனும் அங்கதான் மூட்டை தூக்கறான். அந்தக் கார் எவனுதோ. உன் தம்பி போறதுக்கு முன்னாடியே அவன் எனக்குப் போன் பண்ணான்."

"எவ்ளோ முன்னாடி?"

"ஒரு மாசம்."

அவர் தடுமாறித் தூணைப் பிடித்தார். உட்காரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

"ஏன் சொல்லல?"

"யாருக்கும் சொல்லாதன்னு அழுதான். அது ஒன்னு. இன்னொன்னு, ஒருத்தன்தானே சொன்னான்னு இருந்தேன். வேல புடிக்காதவன் அழுவான், வீட்டு ஞாபகத்துல அழுவான். நான் பூத்துல எத்தினி அழுகை கேட்டவ. அவன் பேசின நம்பருக்குத் திருப்பி நாலு வாட்டி போட்டேன், எடுக்கல. ஏற்கெனவே ஒருவாட்டி உன் தம்பி பொழப்பக் கெடுத்தவன்னு பேரு. ஒரு குரலை வெச்சிக்கினு மறுபடியும் தடுக்கறதான்னு பாத்தேன். இன்னொருத்தர் சொல்லட்டும்னு இருந்தேன்."

"அந்த இன்னொருத்தன் என் தம்பியா அக்கா?"

தப்பிக்க ஒரு வார்த்தை தேடுகிறாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேடவில்லை.

"ஆமா" என்றார்.

உள்ளேயிருந்து அம்மா, "யாரு வந்துகீறது?" என்றார். நான் தடுப்பதற்குள் அக்கா உள்ளே போனார். தம்பி சொன்னதை ஒன்று கூட்டாமல் ஒன்று குறைக்காமல் அம்மாவிடம் சொன்னார். முன்பே தெரிந்தும் தான் பேசாமலிருந்ததை மட்டும் சொல்லவில்லை. சொல்லவேண்டாம் என்று வாசலில் நின்றபடி நான்தான் கை ஜாடை காட்டினேன். வீட்டில் ஒரே நாளில் இரண்டு இடிகளை வாங்க இடமில்லை.

அம்மா அழவில்லை. "நீ கண்ணால பாத்தியா? யாரையாச்சும் விசாரிச்சியா?" என்று கேட்டார். பொய்யாக இருக்கட்டும் என்ற ஆசைதான்.

"இல்ல பெரிம்மா. விசாரிக்கல. போனை வெச்சதும் வந்துட்டேன்."

அதற்கப்புறம் சித்தூர் கலெக்டர் ஆபீசுக்கு நானும் அக்காவும் எத்தனை தடவை அலைந்தோம் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் வேறொரு கிளார்க், புதிதாக ஒரு அப்ளிகேஷன் பாரம். மனுவை அவர்தான் தெலுங்கில் எழுதுவார். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவோம், பேசிக்கொள்ளமாட்டோம். ஒன்றிரண்டு தடவை அவர் ஏதோ ஆரம்பித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரைத் திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. திட்டத் தெம்பில்லாமல் இருந்தேன்.

ஒரு வருஷத்துக்கு மேலாகி குவைத்திலிருந்து இருவரும் திரும்பி வந்தார்கள். மூலைவீட்டுக்காரன் முன்பே அக்காவுக்குப் போன் செய்ததைத் தம்பியிடம் சொல்லாமலே, வெட்கப்பட்டுக்கொண்டு குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டான், நானும் சொல்லவில்லை. தம்பிக்கு வலது கை தோளுக்கு மேல் தூக்க வராது. தறிக்கு அந்தக் கை உதவாது என்பதால் ஒரு மளிகைக் கடையில் பில் போடுகிறான். கொஞ்ச நாளில் எல்லோர் கையிலும் நெட் வந்துவிட, அக்கா கடையை மூடிக்கொண்டு தன் தங்கை இருந்த ஊருக்குப் போய்விட்டார். நான் விசாரிக்கவில்லை. இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது.

இப்போது தம்பிதான் அவரைப் பற்றி அதிகம் பேசுகிறான். யாராவது வாட்ஸப்பில் வந்ததைக் கொண்டுவந்து காட்டினால் வாங்கி அடிவரை பார்த்துவிட்டு, இடது கையால் போனைத் திருப்பிக் கொடுக்கிறான். "எங்க அக்கா ஒருத்தங்க இருந்தாங்க. வேணாம்னு எனக்கு அப்பவே சொன்னாங்க, நான்தான் கேக்கல. உலகத்துல ஒருத்தரை நம்பலாம்னா அவங்களைத்தான் நம்பலாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுகிறான். சொல்லிவிட்டு, "இல்ல அண்ணா?" என்று என்னைப் பார்க்கிறான்.

ஆமாம் என்கிறேன்.